பூனை கிழிச்ச வலை

இல்லம்மா, கூண்ட அங்க வைக்காதீங்க, இப்படி வராந்தாவுல வைங்க. மெதுவா, மெதுவா. தரையில உரசுனா உள்ள வரைக்கும் கேக்கும். அவரு இப்பத்தான் கண்ண மூடியிருக்காரு. சாப்பிட்டு ரெண்டு மணிக்குப் படுத்தாருன்னா நாலு மணி வரைக்கும் தூங்குவாரு. நாள் முழுக்க எனக்குன்னு இருக்கறது அந்த ரெண்டு மணி நேரந்தான். உக்காருங்க. ஐயோ, அந்த நாற்காலியில வேண்டாம், மெத்தையில ஊசி குத்தி வெச்சிருப்பேன். இதுல உக்காருங்க.

வலையா? அதுக்குள்ள பாத்துட்டீங்களா? ஆமாம்மா, கீழ் மூலையில கிழிஞ்சிருக்கு. பூனைதான் கிழிச்சிருக்கும், வேற யாரு. அத அப்புறமா பாக்கலாம், எங்க ஓடிடப் போகுது. மொதல்ல தண்ணி குடிங்க. இந்த வெயில்ல மூணு கூண்ட ஒத்த ஆளா தூக்கிட்டு வந்திருக்கீங்க. யாராவது ஆம்பளை வருவாங்கன்னு நெனச்சேன், தப்பா எடுத்துக்காதீங்க. கையெல்லாம் கோடு கோடா இருக்கே, எல்லாம் பூனை கீறுனதா? அடேயப்பா. என் கையப் பாருங்க, இது பூரா ஊசி. ஆளுக்கு ஒரு எமன்.

டெய்லருங்க நான். வாசல்ல போர்டு இருந்துச்சு, காத்துல விழுந்துச்சு, திரும்ப மாட்டல. இப்பல்லாம் புதுசா யாரும் தைக்கக் குடுக்கறதில்லையே. பேன்ட் கால மடிச்சுத் தைக்கறது, ஜிப் மாத்தறது, தலகாணி உறை, ஜன்னல் திரை. ஸ்கூல் திறக்கற மாசத்துல யூனிஃபார்ம் கொஞ்சம் வரும். மெஷின இந்த ரூம்ல போட்டிருக்கறதே அவருக்காகத்தான். கதவத் திறந்து வெச்சா அவரு கட்டில் தெரியும், இந்தப் பக்கம் திரும்புனா தோட்டம் தெரியும். நான் எங்கயும் போயிடக் கூடாதுல்ல.

யாரா? எங்க அண்ணன்மா. ஃபோன்ல பேசுன பொண்ணு சொல்லலையா? அவ அண்ணன் பொண்ணு. எனக்கு மக மாதிரி, சித்தப்பா சித்தப்பான்னு உயிரா இருப்பா. ஆனா ஒண்ணு மனசுல பட்டுட்டா விடமாட்டா, அப்படியே அப்பன். அண்ணன் பள்ளிக்கூடத்துல டிரில் மாஸ்டரா இருந்தவரு. ஆயிரம் பசங்கள ஒரே விசில்ல நிக்க வெச்சவரு. என்னைவிட பதினாலு வயசு மூத்தவரு, அதனால நான் ஆயிரத்து ஒண்ணு. அண்ணி தவறிட்டாங்க. அதுக்கு அடுத்த வருஷம் மாடிப்படியில வழுக்கி விழுந்தாரு. எட்டே படி. முதுகெலும்புல அடி. இடுப்புக்குக் கீழ எறும்பு கடிச்சாலும் தெரியாது. ஏழு வருஷம் ஆச்சு. பொண்ணு வேற ஊர்ல இருக்கா, வேலை, குழந்தை, மாமியாரு. அப்போ யாரு பாக்கறது? தம்பி இருக்கானே. கல்யாணம் ஆகாத தம்பி. கடவுள் ரெடியா வெட்டி தெச்சே வெச்சிருந்தான், அளவு கூட எடுக்க வேண்டாம்.

சிரிங்க, சிரிங்க. நானும் சிரிச்சுக்கறதுதான்.

ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டு வந்து சக்கர நாற்காலியில உக்கார வெச்ச மறுநாளே, பீரோவுல என் விசில் இருக்கும் எடுன்னாரு. எடுத்துக் குடுத்தேன். கழுத்துல மாட்டுனாரு. அன்னிக்கு மாட்டுனது, குளிக்கறப்ப கூட கழட்டறதில்ல. சின்னதா ரெண்டு அடிச்சா தண்ணி வேணும். மூணு அடிச்சா... அது எதுக்குன்னு நீங்களே புரிஞ்சுக்கோங்க. நீளமா ஒண்ணு அடிச்சா பூனை. காக்காவுக்குத் தனியா ஒண்ணு வெச்சிருந்தாரு, எனக்கு மனப்பாடம் ஆகலன்னு விட்டுட்டாரு.

இந்தத் தோட்டமா? இது எதுவுமே முன்னாடி கிடையாதும்மா. அவரு ஜன்னல்கிட்ட உக்காந்தப்போ அங்க இருந்தது வெறும் மண்ணு, கொஞ்சம் செங்கல்லு, ஒரு ஓட்டை பக்கெட்டு. நல்லா இருந்த காலத்துல ஒரு செடிக்கு தண்ணி ஊத்துனவரு இல்ல. ஒரு மாசம் அந்த பக்கெட்டையே பாத்துட்டு இருந்தாரு. ஒருநாள், டேய், அந்த மூலையில ஒரு தக்காளிச் செடி வைடான்னாரு. வெச்சேன். அப்புறம் புதினா. அப்புறம் ரோஜா, செம்பருத்தி, கீரைக்கு ரெண்டு பாத்தி. எல்லாம் அவரு வாய், என் கை. இன்னும் ரெண்டு அடி தள்ளு, வரிசை கோணலா இருக்குன்னு அங்கருந்தே சொல்லுவாரு. செடிங்கள பாருங்களேன், அசெம்ப்ளியில நிக்கற மாதிரிதானே நிக்குது?

மண்ணு எப்பவும் பொலபொலன்னு இருக்கணும் அவருக்கு. காலையில எழுந்ததும் எனக்கு மொத வேலை அத கொத்தி விடறது. நீங்க பூனை புடிக்கறவங்க, உங்களுக்குத் தெரியாததா? பொலபொலன்னு கொத்துன மண்ணு, அதுக்கு மேல வெயிலு. பூனைக்கு இதவிட வேற என்ன வேணும்? நான் ஆறு மணிக்கு கொத்தி வைப்பேன், ஆறரைக்கு அதுங்க வந்து காரியத்த முடிச்சு, நான் கொத்துன மண்ணாலயே மூடிட்டுப் போயிடும். தெருவுல இருக்கற அத்தனை பூனைக்கும் நான் கக்கூஸ் கட்டிக் குடுத்திருக்கேன்னு அண்ணன்கிட்ட ஒரு தடவ சொன்னேன். அவரு சிரிக்கல.

அவருக்கு அது வெளையாட்டு இல்லம்மா. ஒரு தக்காளி நாத்து வேரோட பேந்து கிடந்துச்சுன்னா அன்னிக்கு முழுக்க சாப்பிட மாட்டாரு. கீரைய அள்ளிட்டு வந்து நல்லா கழுவி ஆக்கினாலும், இதுல அது போயிருக்கும்டான்னு தட்ட தள்ளிடுவாரு. நாத்தம் ஜன்னல் வழியா நேரா அவரு கட்டிலுக்குத்தான் வரும். அவரால எழுந்து போக முடியுமா? மூக்கப் பிடிச்சுட்டு அடுத்த ரூமுக்கு நாம போயிடுவோம். அவரு போக முடியாதே.

எத்தனை பூனையா? வழக்கமா வர்றது மூணு. கறுப்பும் வெள்ளையுமா ஒண்ணு, அதுக்கு நாங்க வெச்ச பேரு மேனேஜர். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த மாதிரி ஒவ்வொரு செடியா நின்னு நின்னு பாத்துட்டுத்தான் எடத்த முடிவு பண்ணும். ஒரு ஒத்தக்காது. அப்புறம் ஒரு குண்டம்மா, அது எப்பவும் வயித்துல குட்டியோடதான் திரியும். யாரோட பூனையும் இல்ல, எல்லார் வீட்டுலயும் சாப்பிடும்.

ஏன் பண்ணல, எல்லாம் பண்ணேன். ஆரஞ்சு தோலு போட்டா வராதுன்னு பொண்ணு சொன்னா. போட்டேன். மூணு நாள் வரல. நாலாம் நாள் தோலு காஞ்சுபோச்சு, மேனேஜர் அதுமேலயே உக்காந்தாரு. அப்புறம் காபித்தூள் சக்கை. அதுல எறும்பு வந்துச்சு. மிளகாய்த்தூள் தூவுனேன், காத்து இந்தப் பக்கம் அடிச்சு அண்ணன் ஒரு மணி நேரம் தும்முனாரு, தும்மல்லயே விசில் வேற ஊதுனாரு. வினிகரு தெளிச்சேன், புதினா செத்துச்சு. பாட்டில்ல சிவப்புத் தண்ணி ஊத்தி வெச்சா பயப்படும்னு எதிர்வீட்டு வாத்தியாரம்மா சொன்னாங்க. ஒத்தக்காது அந்த பாட்டில்ல முதுகச் சொறிஞ்சுட்டு இருந்துச்சு. ரோஜாக் கிளைய வெட்டி முள்ளோட மண்ணுல பரப்பி வெச்சேன். அது கொஞ்சம் வேலை செஞ்சுச்சு. ஆனா காலையில கொத்தணுமே, அந்த முள்ளு பூரா என் கையிலதான் ஏறுச்சு. கூழாங்கல்லு கொட்டலாம்னா, மண்ணு மூச்சு விடாதுடான்னாரு அண்ணன்.

கடைசியில, நீதான்டா காவல்னு சொல்லிட்டாரு.

விசில் அடிச்சதும் மெஷின நிறுத்தணும், பின்கதவு வழியா ஓடணும், கைதட்டி விரட்டணும், அது பண்ணி வெச்சத கரண்டியில அள்ளணும், மண்ண மாத்தணும், கை கழுவணும், திரும்பி வந்து உக்காரணும். உக்காந்து நூலக் கோக்கறதுக்குள்ள அடுத்தது. ஒரு நாளைக்கு ஏழு தடவ, எட்டு தடவ. ஒருநாள் ஒரு மாப்பிள்ளைப் பையன் கோட்ட சரிபண்ண வந்தான். மறுநாள் அவனுக்குக் கல்யாணம். ஒரு கையில குண்டூசி குத்திட்டேன், இன்னொரு கைக்குப் போறேன், நீளமா ஒரு விசில். கழுத்துல டேப்போட ஓடுனேன். அன்னிக்குன்னு குண்டம்மாவும் மேனேஜரும் சேந்தே வந்திருந்தாங்க. திரும்பி வந்தா மாப்பிள்ளையக் காணோம். ஒரு கை நீளம், ஒரு கை குட்டையாவே தாலி கட்டியிருப்பான் பாவம்.

இருங்க... விசில் கேட்டுச்சா? இல்லையா? சரி, சரி. எனக்கு இப்படித்தாம்மா. தெருவுல யாராவது விசில் அடிச்சா கால் தானா எழுந்துடும். டிவியில கால்பந்து போட்டாங்கன்னா உக்கார முடியாது. குக்கர் வாங்கிட்டு வந்தா பொண்ணு. மொத நாள் மூணு விசில் வந்துச்சு, நான் நேரா பெட்பேன தூக்கிட்டு ஓடுனேன். அன்னிக்கே குக்கர பரண்ல போட்டுட்டேன். பானையிலதான் சோறு.

உண்மையச் சொல்லணும்னா, இந்த வீட்ட விட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல வெளிய இருந்து ஏழு வருஷம் ஆச்சு. காய்கறி வாசல்லயே வருது. நூலு, பட்டனு எல்லாம் கடைக்காரரு குடுத்தனுப்பிடுவாரு. முடி கூட வீட்டுக்கு வந்துதான் வெட்டறாங்க, அண்ணனுக்கு வெட்டறப்போ எனக்கும். கூட தொழில் கத்துக்கிட்ட கூட்டாளி ஒருத்தன் பெரிய ரெடிமேட் கம்பெனியில இருக்கான். கட்டிங் மாஸ்டர் வேணும், நீ வந்தா கண்ண மூடிட்டு எடுப்பாங்கடான்னு மூணு தடவ கூப்பிட்டான். மொத தடவ அண்ணிக்கு முடியாம இருந்துச்சு. அடுத்த தடவ அண்ணன் விழுந்த வருஷம். மூணாவது தடவ, தக்காளி காய்க்கற நேரம், போயிட்டா யாரு பாக்கறதுன்னு நானே சொன்னேன். எனக்குப் பொண்ணு பாத்ததும் அப்படித்தான். ரெண்டு எடம் வந்துச்சு. இந்த வீட்டு நெலமை இப்படி இருக்கு, ஒரு பொண்ணக் கொண்டு வந்து ஏன் கஷ்டப்படுத்தணும்னு விட்டுட்டேன். ஒரு மனுஷன அவங்க அண்ணன் கயித்துல கட்டிப் போட்டா கூட அவுத்துட்டு ஓடிடலாம்மா. விசில்ல கட்டிப் போட்டா எங்க ஓடறது? எல்லார்கிட்டயும் இதத்தான் சொல்லுவேன். எல்லாரும் ஐயோ பாவம்பாங்க.

ஆமா, வலை. திரும்ப வலைக்கே வர்றீங்க.

மூணு மாசத்துக்கு முன்னாடி பொண்ணு வந்தா. அவ வந்து நாலு நாள் தங்குனா. நான் ஓடறத நாலு நாளும் உக்காந்து பாத்தா. அஞ்சாம் நாள் ரெண்டு ஆளுங்களோட வந்து, நாலு பக்கமும் இரும்புக் குழாய் நட்டு, மேலயும் சேத்து வலை போட்டுட்டா. கோழிப் பண்ணைக்குப் போடறது, ரொம்ப கெட்டியான நைலான் வலைன்னாங்க. உள்ள போக ஒரு சின்னக் கதவு, அதுக்குக் கொக்கி. அவ்வளவுதான். அன்னிக்கு சாயந்தரம் மேனேஜர் வந்தாரு. சுத்திச் சுத்தி வந்தாரு. குழாய மோந்து பாத்தாரு. வலைக்கு வெளிய உக்காந்து அண்ணனையே கொஞ்ச நேரம் மொறச்சுட்டு, வாலத் தூக்கிட்டுப் போயிட்டாரு.

பூனைக்கு அடிக்கற அந்த நீள விசில் இல்ல. மறுநாளும் இல்ல. ஒரு யூனிஃபார்ம் சட்டைய, காலர் வெச்சது முதல் காஜா போட்டது வரைக்கும், எடத்த விட்டு எழுந்திருக்காம முடிச்சேன். முடிச்சுட்டு அதக் கையில வெச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தேன். என்ன பண்றதுன்னே தெரியல.

இல்லம்மா, அவரு சோந்து போகல. நானும் அப்படித்தான் நெனச்சேன். பூனை வரலன்னா இந்த மனுஷனுக்கு வேற என்ன இருக்கு, சுவத்தப் பாத்துப் படுத்துடுவாருன்னு. அதான் இல்ல. நல்லா சாப்பிட்டாரு. தக்காளி ஏழு பழுத்துச்சு, ஏழையும் எண்ணுனாரு. பழைய சினிமாப் பாட்டெல்லாம் பாடுனாரு. அவருக்குப் பாட வரும்னே எனக்கு அம்பத்தி நாலு வயசுல தெரியுது.

எட்டாம் நாளு, சாப்பாடு ஆனதும், இங்க வாடான்னாரு. பக்கத்துல உக்காரச் சொன்னாரு. பொண்ணு ரொம்ப நாளா கூப்பிட்டுக்கிட்டு இருக்கா, நான் அவ வீட்டுக்குப் போயிடலாம்னு இருக்கேன்னாரு. அவ வீட்டு வாசல்ல சக்கர நாற்காலி ஏற சாய்தளம் கட்டி ஒரு வருஷம் ஆச்சாம். பேரப்பய, தாத்தா ரூமுன்னு ஒரு ரூமுக்குப் பேரு வெச்சிருக்கானாம். செடிங்கள விட்டுட்டு வர மனசில்லாமத்தான் இழுத்துட்டு இருந்தேன்டா, இனிமே அதுங்களுக்குக் காவல் வேண்டாம், தண்ணிய வாத்தியாரம்மா ஊத்திக்கறேன்னுட்டாங்கன்னாரு. அப்புறம் என் கையப் புடிச்சாரு. அவரு என் கையப் புடிச்சதே இல்லம்மா, அடிச்சிருக்காரு, புடிச்சதில்ல. ஏழு வருஷமா உன்னக் கட்டிப் போட்டுட்டேன்டா, உன் கூட்டாளிக்கு ஃபோன் போடு, இனிமேலாவது உன் வாழ்க்கையப் பாருடான்னாரு.

போட்டேனே. அன்னிக்கே போட்டேன். எடம் இருக்குடா, ஒண்ணாந்தேதி வந்துடுன்னான். தங்க ரூம் கூட அவங்களே தர்றாங்களாம். பொண்ணு கார் அனுப்பறேன்னுட்டா. எல்லாம் அரை மணி நேரத்துல முடிஞ்சு போச்சு. எல்லாக் கதவும் ஒரே நாள்ல திறந்துக்கிச்சு.

மறுநாள் சாயந்தரம், போயி ஒரு பெட்டி வாங்கிட்டு வாடா, மெதுவா வா, எனக்கு ஒண்ணும் வேண்டாம்னு அனுப்பி வெச்சாரு. கிளம்பினேன். மெயின் ரோடு வரைக்கும் நடந்தேன். ரோடு நடுவுல பெருசா சுவரு மாதிரி கட்டியிருக்காங்க, எப்படித் தாண்டறதுன்னு தெரியல. அதுக்குன்னு தனியா மேல படி இருக்காம், ஒரு அம்மா காட்டுனாங்க. படியில பாதி ஏறிட்டேன். கீழ பூரா வண்டி. என் பக்கத்துல ஆளுங்க எறங்கறாங்க, ஏறுறாங்க, எல்லாருக்கும் எங்கயோ போக வேண்டியிருக்கு. நான் கைப்பிடியப் புடிச்சுட்டு நிக்கறேன். எங்கயோ விசில் கேட்ட மாதிரி இருந்துச்சு. டிராபிக் போலீஸா கூட இருக்கலாம். திரும்பி வந்துட்டேன். மொத்தமா இருபது நிமிஷம் கூட ஆகல. அண்ணன்கிட்ட கடை மூடியிருந்துச்சுன்னேன்.

கம்பெனி குடுக்கற அந்த ரூம்ல போயி நான் என்னம்மா பண்ணுவேன்? ஷிஃப்ட் முடிஞ்சு ஆறு மணிக்கு வந்து கதவத் திறந்தா, உள்ள யாரும் கூப்பிடப் போறதில்ல. கட்டில்ல உக்காந்து எதப் பாக்கறது? கூட்டாளி மூணு தடவ கூப்பிட்டானேன்னு சொன்னேன்ல, அவன் முப்பது வயசுல கூப்பிட்டிருந்தாலும் நான் போயிருப்பேனான்னு அந்தப் படியில நின்னப்பத்தான் மொத தடவையா யோசிச்சேன். அந்த ரெண்டு பொண்ணு வீட்டுக்காரங்களும் ஒத்துக்கிட்டாங்கம்மா. வேண்டாம்னு சொன்னது நான்தான். அண்ணனுக்கு அது இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

என்னமோ கேட்டீங்களே... ஆமா, வலையில பல்லு தடம். பல்லு தடம் இல்லதான். நீங்க நல்லா பாத்திருக்கீங்க. பொண்ணும் அதத்தான் ஃபோன்ல கேட்டா. சித்தப்பா, பன்னி கடிச்சாலே கிழியாதுன்னு சொல்லித்தான் அந்த வலைய வித்தாங்க, பூனை எப்படி கிழிக்கும்னு. துருப்பிடிச்ச குழாயில உரசியிருக்கும்மான்னேன். புதுக் குழாய்.

டெய்லருக்குத் தெரியும்மா, வெட்டுனது எப்படி இருக்கும், கிழிஞ்சது எப்படி இருக்கும்னு. கத்தரியால நேரா வெட்டுனா கோடு மாதிரி தெரிஞ்சுடும். ஒரு கண்ணிய வெட்டணும், அடுத்தத விட்டுடணும், அதுக்கு மேல இருக்கறத வெட்டணும். அப்புறம் நூலு முனைய பிரிச்சுப் பிரிச்சு நெருடி விடணும். ஓரமா கொஞ்சம் ரோமத்தையும் ஒட்டி விட்டேன், சுவத்துமேல ஒத்தக்காது விட்டுட்டுப் போனது. அவரு தூங்கற நேரந்தான். இதே ரெண்டரை மணி இருக்கும். அரை மணி நேரம் மண்டி போட்டு, ஒரு கோட்டுக்கு லைனிங் பிரிக்கற மாதிரி பொறுமையா பிரிச்சேன். அவ்வளவு சுத்தமா நான் எந்த வேலையும் செஞ்சதில்ல.

மறுநாளே மேனேஜர் வந்துட்டாரு.

விசில் கேட்டுச்சும்மா. நீளமா. பத்து நாளைக்கு அப்புறம். என்ன சொல்றது, வெக்கமாத்தான் இருக்கு. உசிரு திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. ஓடுனேன். வலைக்குள்ள மாட்டிக்கிட்டு அது அங்கயும் இங்கயும் பாய்ஞ்சு, ரெண்டு தக்காளிச் செடி தரையோட சாஞ்சு போச்சு, நாத்து பூரா மிதிபட்டுப் போச்சு. அத விரட்டிட்டு நிமிந்து ஜன்னலப் பாத்தேன்.

அண்ணன் அழுதுட்டு இருந்தாரு. சத்தமே இல்லாம. விசில் வாயிலயே இருந்துச்சு. அன்னிக்குக் காலையிலதான் சட்டையெல்லாம் மடிச்சு பழைய டிரங்குப் பெட்டியில வைக்கச் சொல்லியிருந்தாரு, நான்தான் மடிச்சு வெச்சேன். வேண்டாம்டா, எல்லாத்தையும் எடுத்து பீரோவுல வெச்சுடு, நான் போயிட்டா இது நாலே நாள்ல நாசமாப் போயிடும்னாரு. அப்புறம் என்னப் பாத்து, உன்ன மறுபடியும் கட்டிப் போட்டுட்டேனேடா, என்ன மன்னிச்சுடுடான்னாரு.

என்கிட்ட மன்னிப்பு கேட்டாரும்மா அவரு.

சொல்லியிருக்கணும். அப்பவே சொல்லியிருக்கணும். பரவாயில்லண்ணேன்னு மட்டும் சொன்னேன். சொல்லிட்டு, சாஞ்ச செடிக்குக் குச்சி நட்டுக் கட்டுனேன். இது நடந்து ரெண்டு மாசம் ஆச்சு. பேரப்பய தினமும் ஃபோன்ல எப்போ தாத்தா வருவீங்கன்னு கேக்கறான். இவரு இந்த மாசம், அடுத்த மாசம்னு சொல்லிட்டு இருக்காரு. பாட்டு நின்னு போச்சு. நான் தினமும் எட்டு தடவ ஓடறேன். கிழிசல நானே தெச்சுடறேன்னு சொல்லி நாலு தடவ தெச்சேன், அவரு கண்ணு முன்னாடியே. நாலு தடவையும் நானே பிரிச்சேன். அப்புறந்தான் பொண்ணு கோவம் வந்து, வலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், பூனைங்களையே புடிச்சுக் கொண்டுபோயி நல்ல எடமாப் பாத்து விடட்டும்னு உங்களப் புடிச்சிருக்கா.

எங்க வீட்டுல இத்தனை வருஷமா நான் பேசி யாரும் இப்படி உக்காந்து கேட்டதில்ல.

இல்லம்மா, அவரு எழுந்துக்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. எழுந்ததும் சொல்றேன். சொல்லணும்னுதான் இருக்கேன். நீங்க அது வரைக்கும் இருக்கீங்களா? இருந்தா நல்லது. வேலை இருந்தா கிளம்புங்க, பரவாயில்ல.

கூண்ட சுவரோரமா வைக்கலாம்னு சொன்னீங்கள்ல? அங்க வேண்டாம். அங்க வெச்சா ஒரு மாசம் ஆனாலும் ஒண்ணும் விழாது. அதுங்க இப்பல்லாம் சுவர் வழியா வர்றதில்ல. செம்பருத்திக்குப் பின்னாடி ஒரு ஒடஞ்ச தொட்டி கவுத்து வெச்சிருக்கு பாருங்க, அவரு ஜன்னல்ல இருந்து பாத்தா அது தெரியாது, அத ஒட்டி வைங்க. தினமும் காலையில மண்ணு கொத்தறப்போ அங்கதான் மீன் தலை வைக்கறேன். மூணும் நேரா அங்கதான் வரும்.

இப்பவே வெச்சுடுங்கம்மா. நாளைக்கு வர்றேன்னு மட்டும் சொல்லாதீங்க. நாளைக்கு வந்தீங்கன்னா, வேற எடத்தக் காட்டிடுவேன்.